சிங்கப்பூர் போய்வந்த கை

பசறையிலிருந்து வந்த காலை பஸ்ஸோடுதான் அந்தச் செய்தியும் எங்கள் லுணுகலைக்கு வந்து சேர்ந்தது. கண்டக்டர் பனிக்குள் என்னைத் தேடிவந்து, “நம்ம டாக்டரம்மா போயிட்டாங்க மிஸ்ஸி” என்றார். அவர் மனைவியை ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்தவர் டாக்டரம்மாதான். பஸ் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். மலையும் கடைகளும் வெண்மையில் கரைந்துபோய், டாக்டரம்மா கைகழுவும் தண்ணீர்ச் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டபடி இருந்தது.

டாக்டர் புவனேஸ்வரி அவர்கள் பதுளை பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் மகள். சத்திரசிகிச்சை நிபுணராக அவர் ஊருக்குத் திரும்பியபோது நான் பதுளை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் தாதி; தாதியை எங்கள் பக்கம் மிஸ்ஸி என்பார்கள். வந்த புதிதில் நோயாளிகள் அவரையும் தாதி என்றே நினைத்து, ஐயா எப்போது வருவார் என்று கேட்பார்கள். “வந்துட்டாருங்க, கண்ண மூடுங்க” என்பார்.

ஆபரேஷனுக்குத் தையல் நூல் விற்கும் கொழும்புக் கம்பெனி ஒன்று, வருட முடிவில் நிபுணர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பொதி அனுப்பும். பிரித்தால் உள்ளே ஆண்கள் கட்டும் டை. அவருக்கும் அதே டைதான், வருடம் தவறாமல். ஜவுளிக்கடை மகள் அல்லவா, விரலால் தடவிப் பார்த்து, அசல் பட்டு, வீணாக்கக் கூடாது என்று, கைகழுவும் இடத்து ஜன்னல் திரையை அதனால் ஒதுக்கிக் கட்டிவிட்டார். நமுனுகுல மலை அதன் பிறகுதான் எங்களுக்கு ஜன்னலில் தெரிந்தது. கைகழுவும்போதெல்லாம் அதைப் பார்த்தபடி வேறெங்கோ இருப்பார்.

டையோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். கம்பெனியின் நூலைப் பற்றி வெளிநாட்டில் பேசப் போகிறவர்களுக்குப் பயணச் செலவும் சன்மானமும் உண்டு. அங்குள்ள புதிய சிகிச்சை முறைகளையும் பழகி வரலாம். டாக்டரம்மா ஆசைப்பட்டது அந்தப் பயிற்சிக்குத்தான். சரிவில் விழுந்து குடல் கிழிந்து வந்த தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் சிலரைக் காப்பாற்ற முடியாமல் போனது அவரை விடவேயில்லை. ஆனால் யாரை அனுப்புவது என்பது தோட்டத் துரைமார் கிளப்பின் பாரில், கம்பெனி வைக்கும் விருந்தில் முடிவாகும். அந்த பாருக்குள் பெண்கள் கால்வைக்க முடியாது.

ஒருமுறை கம்பெனிப் பிரதிநிதியிடம் வாய்விட்டே கேட்டார்.

“பொம்பளைங்கள தனியா எப்படிங்க அனுப்புறது?” என்று அவர் இழுத்தார்.

“தியேட்டர்ல நான் தனியாத்தானே நிக்கிறேன்” என்றார் டாக்டரம்மா.

அந்த வருடமும் டை வந்தது.

சிங்கப்பூர் போனவர் அவருடன் வேலைசெய்த ஆண் நிபுணர். திரும்பி வந்தவர், எங்கள் தியேட்டரில் பிடித்துக் கொண்டுபோய் அங்கே காட்டிய படங்களை எங்களுக்கும் சுவரில் போட்டுக் காட்டினார். கையுறை போட்ட இரண்டு கைகள் வெளிச்சத்தில் தைத்துக்கொண்டிருந்தன. சுண்டுவிரலை லேசாகத் தூக்கி ஊசி பிடிக்கும் அந்தக் கையை எனக்குத் தெரியாதா? அது யார் கை என்று சிங்கப்பூரில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இருட்டில் டாக்டரம்மா என் பக்கம் சாய்ந்தார். “பாத்தீங்களா மிஸ்ஸி, என் கை மட்டும் பிளேன் ஏறிப் போயிட்டு வந்திருக்கு.”

சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன். விளக்கைப் போட்டபோது அவர் கண் நிறைந்திருந்தது.

பதுளை வீட்டில் அவரைக் கிடத்தியிருந்த அன்று, பனி கூடத்துக்குள்ளேயே வந்திருந்தது. தோட்டத்துப் பெண்கள் வரிசையாக வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். நான் வலது கையைத் தொட்டேன். கையுறை இல்லாத கை. சுண்டுவிரல் இன்னும் லேசாகத் தூக்கியிருப்பது போலத்தான் இருந்தது.

போய்வாருங்கள் டாக்டரம்மா. இந்தப் பயணத்துக்கு நீங்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கையை மட்டும் அனுப்பிவிட்டு ஜன்னலோரம் நிற்கவும் வேண்டாம்.