மணி அடிக்காத மதியம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் பினாங்கு ஜார்ஜ் டவுனில், படகுத்துறைக்கு நடந்தே போகிற தூரத்தில், ஓர் அடுக்குமாடியின் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். நாற்பத்து மூன்று வயதில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டது. உடம்பு தேறியது, நினைவு தேறவில்லை. மதியமானால் சட்டையை மாட்டிக்கொண்டு, "ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிடுவார்.

கதவைப் பூட்டிப் பார்த்தேன். கம்பிக் கதவை உலுக்கிக்கொண்டு, "நான் என்ன தப்பு செஞ்சேன், என்னை ஏன் அடைச்சு வச்சிருக்கே?" என்று அழுதார். அதற்கப்புறம் பூட்ட மனம் வரவில்லை. நான் வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவள். மெஷின் சத்தத்தில் அவர் கதவைத் திறப்பது காதில் விழாது. அதனால், நகைக்கடைகளுக்குத் திருட்டு எச்சரிக்கை மணி பொருத்துகிறவரைக் கூப்பிட்டு எங்கள் கதவுக்கும் சென்சார் வைத்தேன். நிலையில் ஒரு சின்னத் துண்டு, கதவில் ஒரு காந்தத் துண்டு. கதவு திறந்து இரண்டும் விலகினால் மணி அலறும். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வருவேன். ஒரு நாளைக்குப் பத்து தடவை, சில நாள் அதற்கு மேலும்.

மூன்று மாதத்தில் அந்த மணி என் தூக்கத்திலும் அடிக்க ஆரம்பித்தது. ஒருநாள் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்தார். நாசி கண்டார் சோற்றுக் கடையில் இரவெல்லாம் சமைத்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். கண்கள் சிவந்திருந்தன.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த மணியில கண்ணை மூட முடியல லா."

மன்னிப்புக் கேட்டேன். காரணத்தைச் சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை.

பள்ளி திறக்கும் சமயம் அது. தைத்து முடிக்காத துணி மலைபோலக் கிடந்தது. ஒரு மதியம் என் கணவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். நான் மணியின் சுவிட்சை அணைத்தேன். கீழ்வீட்டுக்காரர் பாவம், தூங்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்காகத்தான். மெஷின் மேலேயே தலை சாய்த்தேன்.

விழித்தபோது கதவு விரியத் திறந்து கிடந்தது. கட்டிலில் அவர் இல்லை.

செருப்புகூட மாட்டாமல் படியிறங்கி ஓடினேன். சாலை முழுக்க லாரியும் பஸ்ஸும். அப்படி ஓடும்போது, ஒரே ஒரு நொடி, 'போனால் போகட்டும், நான் தூங்கணும்' என்று எனக்குத் தோன்றியது. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

படகுத்துறைக்குப் போகும் சாலையோரத்தில், ஓர் ஒட்டுக்கடை பெஞ்சில் என் கணவர் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கைலியும் பனியனுமாகக் கீழ்வீட்டுக்காரர். "இன்னிக்கு ஷிப்ட் மாத்திட்டாங்க அண்ணே, குடிச்சிட்டு வீட்டுக்குப் போவோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"தினம் இந்த நேரத்துக்கு மணி அடிக்கும்ல அக்கா? இன்னிக்கு அடிக்கவே இல்ல. தூக்கம் கலைஞ்சு ஜன்னல் வழியா பார்த்தேன், அண்ணன் ரோட்டைத் தாண்டிட்டிருந்தாரு. உங்களைக் கூப்பிட நேரமில்ல, ஓடி வந்துட்டேன்."

"உங்க தூக்கத்தைத்தான் கெடுக்கிறோமே" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"அன்னிக்கு எனக்கு வெவரம் தெரியாது. பெறகு மேல நீங்க ஓடுற சத்தமும், அண்ணன் ஷிப்டுக்குப் போகணும்னு சொல்றதும் கேட்டுப் புரிஞ்சுகிட்டேன். மணி அடிச்சா அக்கா புடிச்சிடுவாங்கன்னு நான் திரும்பிப் படுத்துக்குவேன். அணைக்காதீங்க. முடியாத அன்னிக்குக் கீழே ஒரு குரல் கொடுங்க, நான் வந்து உட்கார்றேன்."

அன்று மாலை கீழ்வீட்டுக்காரர் தூங்காமலேயே வேலைக்குப் போனதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு, நான் குரல் கொடுக்க, வாரத்தில் இரண்டு மதியம் எங்கள் வீட்டு நாற்காலியில் வந்து உட்காருவார். நான் உள்ளே போய்ப் படுப்பேன். என் கணவர் இன்னும் ஆறு வருடம் இருந்தார். ஒரு நாளும் தனியாகத் தெருவில் இறங்கவில்லை.

அந்த ஒரு நொடி நினைப்புக்காக என்னை நான் முழுதாக மன்னித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் 'எனக்கு முடியவில்லை' என்று வாய்விட்டுச் சொல்ல அந்த மதியம்தான் எனக்குக் கற்றுத்தந்தது, அதைச் சொல்லப் பழகியதால்தான் அந்த ஆறு வருடத்தையும் என்னால் தாண்ட முடிந்தது.