மூட்டு நழுவும் வம்சம்

கோதன்பர்க் நகரத்து டிராமில் நான் எழுந்து நின்றால் என் முழங்கால் பேசும். காய்ந்த உளுந்து நெற்று வெயிலில் வெடிப்பதுபோல 'டக்' என்று ஒரு சத்தம். பேச்சே இல்லாத அந்தப் பெட்டியில் அது வேட்டுச் சத்தம். எதிரே இருப்பவர் கண்ணை உயர்த்துவார். பார்த்ததே தப்பு என்பதுபோல உடனே தாழ்த்திக்கொள்வார். என்ன ஏது என்று ஒருவரும் கேட்பதில்லை. எங்கள் எம்.ரெட்டியபட்டியில் இந்தச் சத்தத்துக்கு ஊரே பதில் சொல்லும். அந்தப் பதில்களைக் கேட்டு வளர்ந்தவள் என்பதால், சுவீடனின் மௌனம் முதல் சில வருடங்கள் எனக்குச் சொர்க்கமாக இருந்தது.

பதின்மூன்று வயதில், பருத்திக்காட்டில் மடி நிறையப் பருத்தியோடு நிமிர்ந்தபோது என் வலது தோள் முதன்முதலாக நழுவியது. "வெயிலக் கண்டா இவளுக்குத் தோளு எறங்கிரும்" என்று அடுத்த நிரையில் நின்ற சின்னம்மா சிரித்தாள். வேலைக்கள்ளி என்ற பட்டம் அன்றே கிடைத்தது. கால் முன்னால் வரப் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அப்படிப் பிறந்த ஒரு மளிகைக்கடைக்காரரிடம் கூட்டிப்போனார்கள். அவர் பருப்பு நிறுப்பதை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, என் முதுகில் மூன்று முறை மிதித்துவிட்டு மறுபடி தராசுக்குப் போவார். தோள் உள்ளே போனால் அவர் காலின் மகிமை. போகாவிட்டால் என் நடிப்பு.

இங்கே நடிப்பு என்று சொல்லமாட்டார்கள். மனச்சோர்வு என்பார்கள். முதியோர் இல்லச் சமையலறையில் தட்டு தூக்கும்போது மணிக்கட்டு விலகி விலகி நான் ஆஸ்பத்திரியில் போய் நின்றபோதெல்லாம், குளிர் பழகவில்லை, வலி மாத்திரை போடுங்கள், நடந்து பாருங்கள் என்றார்கள். எட்டு வருடம். மிதிக்காமல் மிதித்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசியில் அனிகா என்ற மூட்டு டாக்டர் கிடைத்தார். அவரே காத்திருப்பு அறைக்கு வந்து பெயர் சொல்லி அழைத்துப் போனார். பெருவிரலை மடக்கி முன்கையில் தொடச் சொன்னார். சுண்டுவிரலைப் பின்னால் வளைத்துப் பார்த்தார். முழங்கை, முழங்கால். பிறகு முட்டி மடங்காமல் குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதிக்கச் சொன்னார். ஒன்பதுக்கு எட்டு. பள்ளிக்கூடத்தில்கூட நான் அப்படி மார்க் வாங்கியதில்லை. "இந்த வகை மூட்டுத் தளர்ச்சி இரத்தத்தில் தெரியாது, எக்ஸ்ரேயில் தெரியாது. தொட்டும் கேட்டும்தான் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கு?" என்றார். அங்கேயே அம்மாவை வீடியோவில் அழைத்தேன்.

"நம்ம குடும்பத்துல யாருக்காச்சும் மூட்டு நழுவுமான்னு கேக்குறாங்கம்மா."

அம்மா முந்தானையைச் சரிசெய்தாள். என் தம்பி மகள் கயலுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த நேரம் அது. வம்சத்தின் குறையை ஒருவர் விசாரித்தால், எங்கள் ஊரில் அவர் சம்பந்தி வீட்டு ஆள்தான். டாக்டராக இருக்க முடியாது.

"எங்க வம்சத்துல ஒரு குறையும் கெடையாதுன்னு சொல்லு அவுககிட்ட. ஒடம்பு வில்லா வளையும்! எந்தங்கச்சி ரெண்டு கையையும் முதுகுப் பக்கம் கொண்டுபோயிக் கும்பிடுவா. கயலு காலத் தூக்கிக் கழுத்துல போட்டுக்கிருவா. களையெடுக்க எங்க பொம்பளைக மாதிரி குனிய ஆளு உண்டா?"

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். டாக்டரின் பேனா ஓடியது. "உங்கள் அம்மா நல்ல சாட்சி" என்றார்.

"அவர் இல்லை என்றுதானே சொல்கிறார்?"

"ஆமாம். மிக விரிவாக இல்லை என்கிறார்."

நோய்க்கு நீளமான பெயர். உடம்பைச் சேர்த்துக் கட்டிவைக்கிற இணைப்புத் திசு பிறவியிலேயே இளகிக் கிடக்கிறது. தீர்க்கும் மாத்திரை கிடையாது. இழுக்கக் கூடாது, மிதிக்கவே கூடாது. தசைக்கு மெல்ல மெல்ல வலுவேற்றி மூட்டுக்குக் காவல் வைக்க வேண்டும். நாற்பத்தேழு வயதில் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அழவில்லை. கோபம்தான் வந்தது. கரிசல் மண்ணே, வேலைக்கள்ளி என்ற பட்டத்தைத் திருப்பித் தருகிறேன், வாங்கிக்கொள். பனி நாடே, உன் மனச்சோர்வையும் நீயே வைத்துக்கொள். நான் பொய் சொல்லவில்லை. என் உடம்பும் பொய் சொல்லவில்லை.

மாசியில் ஊருக்குப் போனேன். பருத்தி வெடித்துக் கிடந்தது. கயல் இடது தோளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். வயது இருபது. அவளையும் அதே கடைக்காரரிடம் கூட்டிப்போகப் பேச்சு நடந்தது. நான் மதுரையில் டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கினேன். கிடைத்தது நான் விமானம் ஏறும் நாள். அம்மா ஆடித் தீர்த்துவிட்டாள்.

"பேரு வச்சிட்டா அப்பறம் அது விட்டுப் போகாதுடி. திருச்சுழிப் பக்கமிருந்து பொண்ணு பாக்க வாராக. இந்த நேரத்துலயா?"

"மறச்சுக் கட்டிக் குடுத்தா, அங்க எவன் மிதிப்பான் இவள? நீ வந்து வாயத் தொறந்து சொல்லணும்மா. நானும் இருக்க மாட்டேன்."

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். ஆனால் நான் விமானம் ஏறும் நாள் காலையில் எங்களுக்கு முன்னால் காரில் ஏறி உட்கார்ந்திருந்தாள். கார் அருப்புக்கோட்டை தாண்டியது. விமான நிலைய வாசலில் நான் இறங்க வேண்டும். கார் அவர்களோடு மதுரைக்குள் போக வேண்டும். ஒரு கை பெட்டியில், ஒரு கை ஜன்னலுக்குள் கயலிடம். இரண்டில் எதை இழுத்தாலும் கழன்றுவிடும் போலிருந்தது.

"அப்பத்தா அங்க வந்து வம்சப் பெரும பேசப்போகுது பாருங்க அத்த" என்றாள் கயல்.

அம்மா அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"எனக்கும் எறங்கும்னு சொல்றேன், போதுமா? ஒங்கப்பனுக்குத் தெரியாம தோள்ல துண்டக் கட்டிக்கிட்டு முப்பது வருசம் பருத்தி எடுத்தேன்னு சொல்றேன். கயலக் கட்டாமப் போறவன் போகட்டும். நீ ஒம் பிளைட்டப் பாரு, போ."