கிருத்திகைக்கு மறுநாள் தீனி

திருத்தணி ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டிய வேடியப்பனுக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. கொள்ளு வாங்கினால் கடைக்காரன் எதிரிலேயே மூட்டைக்குள் கைவிட்டுக் கிளறிப் பார்ப்பான். பெண்டாட்டி தேவகி சிரித்தால் ஏன் சிரித்தாய் என்று கேட்பான். சிரிக்காவிட்டால் அதற்கும் கேட்பான். அவன் நம்பிய ஒரே ஜீவன் அவனுடைய குதிரை. கிண்டிப் பந்தயத்தில் ஓடி, வேகம் குறைந்ததும் கழித்துவிட்ட செங்குதிரை. யுத்தம் முடிந்த வருஷம் தேவகியின் நகையெல்லாம் போட்டு அதை வாங்கினான். அது செத்தால் இன்னொன்று வாங்க வீட்டில் குந்துமணித் தங்கம் இல்லை.

கிருத்திகையன்று விடிவதற்கு முன்பிருந்தே மலையடிவாரத்துக்குச் சவாரி இருக்கும். அதனால் மறுநாள் யாரும் வண்டி பூட்டக்கூடாது என்பது ஸ்டேஷன் வண்டிக்காரர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. வேடியப்பன் அந்த நாளைக் குதிரைக்குப் பண்டிகையாக்கிவிடுவான். இரண்டு பங்கு கொள்ளு வேகவைத்து, வெல்லம் சேர்த்து ஊட்டுவான்.

மாசிக் கிருத்திகை முடிந்து, ஒருநாள் ஓய்ந்து, வண்டி பூட்டினான். கால் மைல் போவதற்குள் குதிரைக்குக் குப்பென்று வேர்த்தது. பின்னங்கால் இழுத்தது. தொடைச் சதை கட்டை மாதிரி இறுகிப்போய், மூத்திரம் காப்பி நிறத்தில் போனது. யாரோ தீனியில் மருந்து வைத்துவிட்டார்கள் என்று வேடியப்பன் நினைத்தான். நாலு நாளில் குதிரை தேறிவிட்டது. சந்தேகம் மட்டும் போகவில்லை.

ஆள் யாரென்று அவன் மண்டையை உடைத்துக்கொள்ளவே இல்லை. துளசிங்கம்தான். அதே ஸ்டாண்டில் வண்டி ஓட்டுகிறவன், முன்பு கிண்டி லாயத்தில் பந்தயக் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவன். ஓய்வு நாளன்று வந்து குதிரையைத் தடவிக்கொண்டு நின்றவனும் அவன்தான். அதோடு விட்டானா, யோசனை வேறு சொன்னான்.

"வேலயில்லாத நாள்ள கொள்ளப் பாதியாக் கொற, வேடி. கட்டியே போடாத, ரெண்டு தபா நடத்திக்கினு வா. ஓடற சதை சும்மா நின்னுகினு துன்னா, மறாநாள் ஓடறப்போ அந்தச் சதையே தன்னத் துன்னுடும்."

பட்டினி போட்டுக் குதிரையை இளைக்க வைக்கப் பார்க்கிறான் என்று வேடியப்பன் முடிவு கட்டினான். மருந்து வைத்ததும் அவன்தான் என்று ஸ்டாண்டிலும் டீக்கடையிலும் ஒரு மாசம் ஊதிவிட்டான்.

பங்குனிக் கிருத்திகைக்கு மறுநாள் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு குதிரையோடு உள்ளேயே உட்கார்ந்தான். தண்ணீரைத் தான் குடித்துப் பார்த்து வைத்தான். புல்லைக் கட்டுக் கட்டாக உதறினான். கஞ்சி கொண்டுவந்த தேவகியைக்கூட உள்ளே விடவில்லை. வெளியே நடத்தினால் எவனாவது எதையாவது நீட்டுவான் என்று குதிரையை ஓரடி நகர்த்தவில்லை. ஒருத்தரும் கிட்ட நெருங்கவில்லை என்ற சந்தோஷத்தில் மூன்று பங்கு கொள்ளு வைத்தான்.

மறுநாள் அடிவாரத்துக்குப் பாதி வழியில் குதிரை நின்றுவிட்டது. எப்படியோ மருந்து உள்ளே போய்விட்டது, ஓடவிட்டால் வேர்வையில் வெளியேறிவிடும் என்று நினைத்து, சவாரியை இறக்கிவிட்டுச் சாட்டையை எடுத்தான். அதுவரை அவன் அதை அடித்ததே இல்லை. குதிரை இருபதடி தள்ளாடிப் போய்ச் சரிந்து விழுந்தது.

பின்னால் வந்த துளசிங்கம் தன் வண்டியிலிருந்து குதித்து ஓடிவந்தான். பட்டைகளை அவிழ்த்தான், தொடையை அமுக்கிப் பார்த்தான். நின்ற இடத்திலேயே விட்டிருந்தால் பிழைத்திருக்கும் என்றான். பிறகு நிமிர்ந்து பார்த்தான்.

"நேத்து இதுக்குத் தீனி வெச்சது யாரு?"

வேடியப்பனுக்குச் சொல்ல ஒரு பெயர்கூட அகப்படவில்லை.

"நான்தாண்ணே. வேற ஒருத்தரையும் கிட்ட வுடல."

துளசிங்கம் தன் துண்டை நனைத்துக் குதிரையின் நெற்றியில் போட்டான். உச்சிவேளைக்குள் அது செத்துப்போயிற்று. வேடியப்பன் நடுரோட்டில் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடமெல்லாம் நான்தான் கொன்றேன் என்றான்.

அதை ஒருவரும் நம்பவில்லை. ஒரு மாசமாக அவன் சொல்லிவந்ததைத்தான் ஊர் நம்பியது. துளசிங்கத்தின் வண்டியில் ஏற ஆட்கள் தயங்கினார்கள். வேடியப்பன் வீடு வீடாகப் போய்ச் சொல்லியும் பலனில்லை. ஆடி பிறப்பதற்குள் துளசிங்கம் வண்டியையும் குதிரையையும் ஓட்டிக்கொண்டு அரக்கோணத்துக்குப் போய்விட்டான்.