மூடாதீங்க சார், நான் இருக்கேன்

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை. வெளியே மழை. சாமி விளக்கை ஏற்றி, திருநீறு பூசிக்கொண்டு போனைத் திறந்தால் ஓர் ஈமெயில். ஆங்கிலத்தில் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

'இந்தப் பக்கத்தில் கொஞ்ச காலமாக எந்த அசைவும் இல்லை. இனியும் யாரும் பேசாவிட்டால் மூடப்படும்.'

என் வீட்டைப் பற்றித்தான் யாரோ எழுதிவிட்டார்களோ என்று ஒரு கணம் திக்கென்றது!

லெட்சுமி இறைவனடி சேர்ந்த பிறகு கிள்ளானில் எங்கள் வீடு அப்படித்தான் கிடக்கிறது. மகள் மெல்பர்னில். மகன் ஜொகூரில். பாசமான பிள்ளைகள்தான், குறை சொல்ல மாட்டேன். காலையில் வாட்ஸ்அப்பில் குட் மார்னிங் படம் வரும். நானும் கும்பிட்ட கை ஒன்றை அனுப்புவேன். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது...

சரி, ஈமெயிலுக்கு வருகிறேன்.

எங்கள் வட்டாரக் கோயிலுக்கு ஒரு வெப்சைட் உண்டு. அர்ச்சனை, அன்னதானம், திதி எல்லாவற்றுக்கும் அதிலேயே பதியலாம். செய்து கொடுத்தவள் கவிதா. கடல் கடந்து இங்கே வந்த திருநெல்வேலிப் பெண். பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கி ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வெள்ளிக்கிழமையானால் ரயிலேறி எங்கள் கோயிலுக்கு வந்துவிடுவாள்.

அந்த வெப்சைட்டில் என் அப்பாவின் திதியைப் பதிந்து வைத்திருந்தேன். 'ஒவ்வொரு வருஷமும் ஞாபகப்படுத்து' என்று ஒரு பட்டன் இருந்தது. அதையும் அழுத்தியிருந்தேன். ஆவணியில் மெசேஜ் வந்தது. அரிசி, வாழைக்காய், பூசணிக்காயோடு கோயிலில் போய் நின்றால், குருக்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"அண்ணா, திதி போன வாரமே போயிடுத்தே..."

என்ன நடந்தது? வெப்சைட்டில் இருக்கும் காலண்டர் போன வருஷத்து ஆங்கிலத் தேதியையே இந்த வருஷமும் பிடித்துக்கொண்டது. நம் திதியோ நிலாவைப் பார்த்து நடப்பது. பாவம், அதற்கு எப்படித் தெரியும்?

சுவரில் தமிழ்க் காலண்டர் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் அதைப் பார்க்க வேண்டும் என்று ஞாபகம் வர வேண்டுமே! முன்பெல்லாம் அந்த வேலை எனக்குக் கிடையாது. "நாளைக்கு மாமாவுக்குத் திதி. பாசார்ல மீனைக் கண்டதும் வாங்கிட்டு வந்து நிக்காதீங்க" என்று லெட்சுமி சொல்லிவிடுவாள். எங்கள் வீட்டுக் காலண்டர் அவள்தான்.

மாசியில் அவளுக்கே முதல் வருஷத் திதி. அதையும் தவறவிட்டால்? எந்த முகத்தோடு அவள் படத்துக்குப் பூ வைப்பேன்?

கவிதாவிடம் முறையிட்டேன்.

"அங்கிள், அந்தக் காலண்டர் நான் எழுதினது இல்ல. ஓப்பன் சோர்ஸ். யாரோ ஒருத்தர் எழுதி, யாரு வேணாலும் எடுத்துக்கோங்கன்னு நெட்ல வச்சிருக்காரு. நாங்க எடுத்து எங்க வெப்சைட்ல மாட்டிக்குவோம்."

"காசு?"

"கிடையாது."

"குறை இருந்தா?"

"நெட்ல அவரு பக்கத்துல போய் எழுதலாம். முடிஞ்சா நாமளே சரி பண்ணியும் கொடுக்கலாம்."

அட, இது அன்னதானம்தானே! ஒருவர் அரிசி தருகிறார், ஒருவர் காய் நறுக்குகிறார். பந்தியில் உட்காருகிறவரை யார், எவர் என்று கேட்பதில்லை. உப்புக் குறைந்தால் சொல்லலாம். சொன்னவன் கையில் அடுத்த வாரம் கரண்டியைக் கொடுத்துவிடுவார்கள் — அது வேறு விஷயம்.

நானே எழுதுகிறேன் என்றேன். மூன்றாம் படிவம் வரை படித்தவன். பக்கத்து ஊர் மேருவில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவன். தெரிந்த ஆங்கிலத்தில், ஒரு மனிதருக்குக் கடிதம் எழுதுவதுபோலவே எழுதினேன். வணக்கம், நீங்களும் குடும்பத்தாரும் நலமா, காலண்டர் செய்து தந்த உங்கள் கைக்குக் கடவுள் துணை இருப்பார், என் மனைவி போன மாசியில் தவறிவிட்டாள்... கடைசியில்தான் குறையைச் சொன்னேன்.

உடனே பதில்! 'உங்கள் பங்களிப்புக்கு நன்றி.' நெகிழ்ந்துபோனேன். எவ்வளவு மரியாதையான மனிதர்!

அப்புறம் சத்தமே இல்லை. பிறகுதான் நான் முதலில் சொன்ன அந்த ஈமெயில் வந்தது. பதறிப்போய் எழுதினேன்: 'சார், நான் இருக்கேன். மூடாதீங்க. உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?' சில வாரம் கழித்து அதே மெயில் மறுபடியும். நானும் மறுபடியும் எழுதினேன். கிள்ளானில் மழை, கோயிலில் சஷ்டி விரதம், முட்டி வலி எல்லாம்.

ஒரு வெள்ளிக்கிழமை கவிதா அதைப் படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அங்கிள்... இது ஆள் இல்ல. மெஷின். பேச்சு நின்னுட்டா தானாவே மெயில் போடும்."

"நன்றி சொன்னது?"

"அதுவும்தான்."

"உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டேனே மா..."

அவ்வளவுதான், சிரித்துவிட்டாள். பக்கத்தில் நின்ற கோயில் பொருளாளர் மணியம் என் பால்ய நண்பன். சும்மா விடுவானா?

"டேய், மெஷின்கிட்டயா குடும்பக் கதை பேசிக்கிட்டிருந்த? வீட்டுல ரைஸ் குக்கர் இருக்கு லா, அதுகிட்டயும் பேசு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரைஸ் குக்கரிடம் ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொல்லவில்லை.

"ஆனா பதில் போடுறத நிறுத்தாதீங்க அங்கிள். நிறுத்துனா மூடிடும்" என்றாள் கவிதா.

மனிதர்களுக்குள்ளும் இதே சட்டம்தானே? பேச்சு நின்றால் மூடிவிடும். ஒரே வித்தியாசம், அங்கே மெயில் போட்டு எச்சரிக்க யாருமில்லை.

நிறுத்தவில்லை. மார்கழியில் ஆள் வந்தார். நிஜ ஆள்! பெயர் யோஹான். எங்கேயோ பனி கொட்டும் நாடு. எத்தனையோ ஊர்க்காரர்கள் எடுத்துப் புழங்கும் காலண்டரை, சம்பளம் இல்லாமல், ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறாராம்.

'உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் இன்று சேர்த்துப் படித்தேன். எனக்கு உடம்பு நலம். தாமதத்துக்கு மன்னியுங்கள். இங்கே நான் மட்டும்தான்' என்று எழுதியிருந்தார்.

'இங்கேயும் நான் மட்டும்தான்' என்று எழுதினேன். பிறகு அழித்துவிட்டேன்.

யோஹான் ஒரு கேள்வி கேட்டார். ஒரே மாதத்தில் அந்தத் திதி இரண்டு தடவை வந்தால் எதை எடுப்பது? இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றாத கேள்வி! குருக்களிடம் ஓடினேன்.

"பிந்தினதுதான் அண்ணா. அப்புறம், இந்தியாவுக்குப் போட்ட பஞ்சாங்க நேரத்தை அப்படியே கொடுத்துடாதீங்கோ. இங்கே சூரியோதயம் வேற."

நான் கேட்டு வந்து சொல்ல, கவிதா கம்ப்யூட்டரில் கோட் எழுத, யோஹான் திருத்தித் திருப்பி அனுப்ப, அவள் மறுபடி எழுத... தைப்பூசத்துக்கு முன்பே வேலை முடிந்தது. காலண்டரில் இப்போது 'திதிப்படி' என்று ஒரு பட்டன் இருக்கிறது. உதவியவர்கள் வரிசையில் கவிதா பெயருக்குக் கீழே என் பெயர்!

நன்றி சொல்ல அந்தப் பக்கத்துக்குப் போனேன். மூடியிருந்தது. எழுத இடமே இல்லை.

"குறை தீர்ந்தா மூடிப் பூட்டிடுவாங்க அங்கிள். அதுதான் வழக்கம். நல்ல விஷயம்தானே?"

நல்ல விஷயம்தான். ஆனால் குறை இருந்த வரைக்கும் பேச ஓர் இடம் இருந்தது. புதிதாக ஒரு குறை கண்டுபிடிக்கலாமா என்றுகூட யோசித்தேன். முருகா, மன்னித்துவிடு!

மாசி பிறந்தது. திதிக்கு முதல் நாளே மெசேஜ் வந்தது. குருக்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்து, சரியென்று தலையசைத்தார். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. வீடியோவில் நின்று கும்பிட்டான். எள்ளும் தண்ணீரும் விட்டேன்.

வீட்டுக்கு வந்து நானே சமைத்தேன். வாழைக்காய் கொஞ்சம் கருகிவிட்டது. அவள் இருந்திருந்தால் சொல்லிக்காட்டியிருப்பாள். முதல் பிடியை இலையில் வைத்து, பின்பக்கச் சுவரில் வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். "கா... கா..." என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. அந்த வீட்டில் யாரையும் சத்தமாகக் கூப்பிட்டு எத்தனை நாளாகிறது!

காக்கை வந்தது. அதற்கு யாரும் மெசேஜ் அனுப்பவில்லை.