பதினாலாம் கேள்விக்கு மனூபியா சொன்ன பதில்

கொர்பாவில் மிளகாய் விழுது அரைக்கிற ஆலையில் மனூபியாவுக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஓடுகிற பட்டையில் சிவப்பு மிளகாய் மலை மலையாக வரும். அதில் பச்சையையும் அழுகலையும் பொறுக்கி எறிய வேண்டும். மற்றவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்ததை அவள் பத்தடி தள்ளி வரும்போதே பார்த்துவிடுவாள். மேஸ்திரி லம்ஜத் புதிதாக வரும் பெண்களை அவள் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, "இந்தக் கண்ணைப் பாத்துக் கத்துக்குங்க. வாயைப் பாத்துக் கத்துக்காதீங்க" என்பான்.

அந்த வாய் செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் அவளைப் பற்றிப் பேச முடியாது. மூன்று வருஷத்துக்கு முன் ஹஸ்னா என்றொரு பெண்ணுக்குக் காசநோய் வந்தது. ஆறு மாதம் மருந்து சாப்பிட்டு, குணமாகிவிட்டது என்று டாக்டரின் கடிதத்தோடு வேலைக்குத் திரும்பினாள். மனூபியா கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "கடுதாசிக்குக் குணமாயிடுச்சு. உனக்கு ஆயிடுச்சான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். ஹஸ்னா டீ குடித்த கிளாசை அத்தனை பேர் முன்னாலும் குப்பைத்தொட்டியில் போட்டாள். பெண்கள் சிரித்தார்கள். ஒரு வாரத்தில் ஹஸ்னா வேலையை விட்டு நின்றுவிட்டாள். சின்னத்தனம்தான், அதற்கு வேறு பெயர் கிடையாது.

போன வசந்தத்தில் மனூபியாவின் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி கிளம்பியது. உள்ளூரில் காட்டப் பயந்து, தங்கை வாழ்க்கைப்பட்ட கெலிபியாவுக்கு பஸ் ஏறினாள். அங்கே கட்டியில் கொஞ்சம் வெட்டி எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் கேட்டார்.

"பாலைக் காய்ச்சாமக் குடிப்பீங்களா?"

"பசு என்னுது, பால் என்னுது. எதுக்குக் காய்ச்சணும்?"

"அதுலேர்ந்து வந்ததுதான். காசநோய். பயப்படாதீங்க, இது கழுத்தோட நிக்கிறது. நீங்க இருமினாலும் யாருக்கும் ஒட்டாது."

அவள் நம்பினாள். ஆனால் ஆலையில் யார் நம்புவார்கள்? கணவன் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம். அந்தப் பட்டையைத் தவிர அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. ஒருத்தியை எப்படி விரட்டுவது என்று அவளே ஊருக்குப் பாடம் நடத்தியிருந்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. தலைத்துணியைக் கழுத்தோடு இறுக்கிச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

மாத்திரை நாலு விதம். இரண்டு மாதம் கழித்து வரவேண்டும், கண்ணையும் ரத்தத்தையும் சோதித்து ஒரு மாத்திரையை நிறுத்துவோம் என்று சொல்லியிருந்தார்கள். "அதுக்குள்ள பார்வை மங்கினாலோ நிறம் மாறித் தெரிஞ்சாலோ உடனே ஓடி வாங்க" என்றும் சொல்லியிருந்தார்கள். ஜூலையில் போனாள். காசநோய்ப் பிரிவின் வரிசையில் லம்ஜத்தின் மாமியார் உட்கார்ந்திருந்தாள். மனூபியா வாசலோடு திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு தங்கைதான் போய் மாத்திரை வாங்கி அனுப்பினாள். டாக்டர் பார்க்காமல் மருந்தை மாற்ற முடியாது என்று பழையதையே கொடுத்தார்கள். "உன்னை நேர்ல வரச் சொல்லிக் கத்துறாங்கக்கா" என்று தங்கை போனில் சொல்லும்போதெல்லாம், "மிளகாய் சீசன் முடியட்டும்டி" என்றாள்.

செப்டம்பரில் அவள் கையைத் தாண்டிப் பச்சை மிளகாய் போக ஆரம்பித்தது. முதலில் ஒன்றிரண்டு. பிறகு கூடை கூடையாக.

"என்ன மனூபியா, பச்சையும் சிவப்பும் சமாதானமாப் போயிடுச்சா?" என்றான் லம்ஜத்.

பெண்கள் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டையில் ஓடுவது எல்லாம் ஒரே மண் நிறமாக இருந்தது. லம்ஜத் அவள் முகவாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. அவளுக்குச் சர்க்கரை வியாதி வேறு. "புரைதான். ஆபரேஷன் பண்ணிட்டு வா. கண்ணு வந்தா உன் எடம் உனக்கு" என்றான். மனூபியாவுக்கு உயிர் திரும்பி வந்தது. புரை என்றால் ஊரில் யாரும் ஒதுங்க மாட்டார்கள். கெலிபியாவில் சொன்ன எச்சரிக்கை அன்றைக்கு அவள் நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. புரைதான் என்று தன்னைத்தானே அடித்துச் சொல்லிக்கொண்டாள்.

அக்டோபர் தொடக்கத்தில், தலைநகரிலிருந்து டாக்டர்கள் வந்து புரை எடுக்கிற ஆஸ்பத்திரிக்கு ஸாஸியாதான் அவளைக் கூட்டிப்போனாள். ஸாஸியா பட்டையில் அவளுக்கு அடுத்து நிற்பவள். பன்னிரண்டு வருஷமாக அவளிடம் திட்டு வாங்கி வாங்கி நெருங்கியவள். டாக்டர்கள் சும்மா வரவில்லை, ஒரு ஆராய்ச்சியும் செய்தார்கள். யுஸ்ரா என்ற நர்ஸ் ஒவ்வொருவரிடமும் நாற்பது கேள்வி கேட்டு எழுதிக்கொண்டாள்.

"பதினாலாவது. உங்களுக்கு எப்பவாவது காசநோய் வந்திருக்கா? இப்ப மருந்து எடுக்கறீங்களா? காசநோய் வந்தவங்களுக்கு இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் கண்ணு எப்படி இருக்குன்னுதான் முக்கியமாப் பாக்கறோம். வந்திருந்தாலும் ஆபரேஷன் உண்டு, பயப்பட வேண்டாம்."

"இல்லை" என்றாள் மனூபியா.

"வேற மாத்திரை?"

"சர்க்கரைக்கு மட்டுந்தான்."

யுஸ்ரா எழுதுவதை நிறுத்தினாள். "கழுத்துல அது என்னம்மா தழும்பு?"

மனூபியாவின் கை தலைத்துணிக்குப் போனது. அவள் வாய் திறப்பதற்குள் ஸாஸியா முந்திக்கொண்டாள். "கொதிக்கிற சூப்பைக் கொட்டிக்கிட்டாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

யுஸ்ரா தலையாட்டிவிட்டுப் பதினைந்தாவதுக்குப் போனாள். தான் எப்போதோ விட்ட புளுகை இவள் நம்பிவிட்டாள் போலிருக்கிறது, நல்லதாகப் போயிற்று என்று மனூபியா நினைத்துக்கொண்டாள்.

ஆபரேஷனுக்கு ஆறு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆறு வாரமும் ஒரு வேளை தவறாமல் நாலு மாத்திரையும் விழுங்கினாள். பார்வை நாளுக்கு நாள் இறங்கியது. புரை முற்றுகிறது, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று காத்திருந்தாள்.

நவம்பர் நடுவில் வலது கண்ணில் புரையை எடுத்தார்கள். மறுநாள் காலை கட்டு அவிழ்த்தபோது வெளிச்சம் மட்டும் குபீரென்று வந்தது. சுவரிலிருந்த எழுத்துப் பலகையில் மேல் வரியின் பெரிய எழுத்துகூடத் தெரியவில்லை. யுஸ்ரா இரண்டு அட்டைகளைக் காட்டி என்ன நிறம் என்று கேட்டாள்.

"ரெண்டும் ஒண்ணுதானே? சாம்பல்."

ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. யுஸ்ரா போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாள். டாக்டரம்மா கண்ணுக்குள் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தாள். முன்பு புரை மறைத்திருந்த நரம்பு இப்போது தெரிந்தது. அது வெளுத்துக் கிடந்தது.

"புரை சுத்தமாப் போயிடுச்சு. நரம்புதான் கெட்டிருக்கு. நீங்க என்ன மாத்திரை சாப்பிடறீங்க? இந்தத் தடவை உண்மையைச் சொல்லுங்க."

மனூபியா சொன்னாள். ஆறு மாதமாகத் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்தது நாலு வார்த்தையில் வெளியே வந்துவிட்டது.

டாக்டரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது. "அதுல ஒண்ணு கண்ணு நரம்பைத் தாக்கும். சர்க்கரையால உங்க கிட்னி மெதுவா வேலை செய்யுது, அதனால அந்த மாத்திரை உடம்புலயே தேங்கிடுச்சு. அது ஒண்ணை இன்னைக்கே நிறுத்திடுங்க. மத்ததை விடக் கூடாது."

"நிறுத்தினா கண்ணு வந்துடுமா?"

"கொஞ்சம் வரலாம். வராமலும் போகலாம். முதல் நாள் கேட்டப்பவே சொல்லியிருந்தா அன்னிக்கே நிறுத்தியிருப்போம். அப்ப இவ்வளவு போயிருக்காதும்மா."

யுஸ்ரா பழைய தாளை எடுத்துவந்தாள். பதினாலாவதில் 'இல்லை'யை அடித்து 'ஆம்' என்று எழுதி, பக்கத்தில் மனூபியாவின் கையெழுத்தை வாங்க வேண்டும். அது ஆராய்ச்சி விதி. எங்கே கையெழுத்துப் போடுவது என்று மனூபியாவுக்குத் தெரியவில்லை. யுஸ்ரா அவள் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தாள்.

ஸாஸியா தாழ்வாரத்துப் பெஞ்சில் காத்திருந்தாள். மனூபியா சுவரைத் தடவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஸாஸியா, உன்கிட்ட ஒண்ணை மறைச்சிட்டேன். எனக்கு..."

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"மே மாசத்துலேர்ந்தே தெரியும். மிளகாய்க் காரத்துல உனக்குக் கண்ணுல தண்ணி வந்து தொடச்சே பாரு, துணியெல்லாம் ஆரஞ்சுக் கலர். எங்கப்பாவும் அந்த மாத்திரை சாப்பிட்டவருதான். அவருக்கும் அப்படித்தான் வரும்."

மனூபியா குரலைத் தாழ்த்தினாள். "வேற யாருக்குத் தெரியும்?"

"பட்டையில நிக்கிற அத்தனை பேருக்கும்."

"லம்ஜத்துக்கு?"

"அவர் மாமியாரு உன்னை அங்க பாத்துட்டு வந்து அன்னிக்கே சொல்லிட்டாங்க. கழுத்துலதானே, ஒட்டாதுன்னு அவரே எங்ககிட்ட சொன்னாரு. யாரும் அவகிட்ட கேட்டுடாதீங்க, ரோஷக்காரின்னாரு."

"யாருமே ஒதுங்கலியேடி."

"எதுக்கு ஒதுங்கணும்? நீ மறைக்க ஆசைப்பட்டே. ஒருத்தர் மறைக்கிறதை நாம தொறந்து காட்டினா அல்லா நம்மளதைத் தொறந்து காட்டிடுவான்னு எல்லாரும் வாயை மூடிக்கிட்டோம்."

"அந்த நர்ஸு கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாமேடி! பக்கத்துலதானே உக்காந்திருந்தே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் கண்ணு இருந்திருக்குமேடி!"

"உன் மானத்தைக் காப்பாத்தறதா நெனச்சேன்க்கா" என்று ஸாஸியா அழ ஆரம்பித்தாள்.

மனூபியாவுக்கு ஆத்திரம் பொங்கியது. அவளை அறையக் கையை ஓங்கினாள். ஸாஸியாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் திட்டுதான் இருந்தது. எங்கே அடிப்பது என்று தெரியவில்லை. ஓங்கிய கை அப்படியே நின்று, பிறகு இறங்கி, அவள் முழங்கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

"பஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போடி" என்றாள்.