இடது பக்கத்து இரைச்சல்

எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது என் வீட்டுக்காரரின் காதை நம்பித்தான். பீளமேட்டில் பம்ப்செட் மோட்டார் செய்கிற கம்பெனி ஒன்றில் அவருக்கு டெஸ்டிங் வேலை. ஓடுகிற மோட்டாரின் பேரிங் மூடிமேல் ஸ்குரூ டிரைவரின் முனையை ஊன்றி, கைப்பிடியை இடது காதில் அழுத்திக்கொண்டு நிற்பார். உள்ளே பேரிங் ஒழுங்காகச் சுற்றுகிறதா, எங்காவது உரசுகிறதா என்பது அந்தக் கம்பி வழியாகவே காதுக்கு வந்துவிடும். மீட்டர் சரி என்று காட்டினாலும் அவர் தலையாட்டாமல் மோட்டார் லாரி ஏறாது. சுற்றிலும் நாள் முழுக்க மற்ற மோட்டார்கள் அலறிக்கொண்டிருக்கும். "காதுல பஞ்சாவது வெச்சுக்கலாமுங்கல்ல" என்று சொல்லிப் பார்த்தேன். "பஞ்ச வெச்சு அடச்சுட்டா, அப்பறம் நான் எதுக்கு அம்மணி அங்க?" என்றார்.

தொண்ணூறுகளின் கடைசியில் சிடி பிளேயர் வாங்கினோம். வாங்கிய அன்றே அதில் வருகிற பாட்டு தகரத்தில் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்று ஆரம்பித்துவிட்டார். சிடியில் இருப்பது வெறும் எண்கணக்காம். அதைப் பாட்டாக மாற்றுவதற்குத் தனியாக ஒரு கன்வெர்ட்டர் இருந்தால் சத்தம் சுத்தமாக இருக்குமாம். உதிரி சாமான்களை வாங்கிவந்து ஒரு மழைக்காலம் பூராவும் உட்கார்ந்து அவரே செய்தார். அது பாடிய முதல் நாள், பொய் சொல்லக்கூடாது, எனக்கே புல்லரித்தது.

கொஞ்ச நாளில் இடது பக்க ஸ்பீக்கரில் மட்டும் பாட்டுக்கு அடியில் 'கொர்'ரென்று ஓர் இரைச்சல் வந்தது. எனக்கும் நன்றாகவே கேட்டது. கன்வெர்ட்டரிலிருந்து போகிற ஒயர்களை இடம் மாற்றி மாட்டினார். இரைச்சல் வலது பக்கம் போய்விட்டது. "பாத்தியா, ஸ்பீக்கர் நல்லாத்தேன் இருக்குது. கோளாறு இந்தக் கன்வெர்ட்டர் பெட்டிக்குள்ள" என்றார். திறந்து பார்த்ததில், இடது பக்கத்துக்கான இடத்தில் பற்றவைத்த ஈயம் விரிசல் விட்டிருந்தது. திரும்பப் பற்றவைத்து, ஒயர்களைப் பழையபடி மாட்டினார். கொர் சத்தம் நின்றுபோயிற்று. அத்தோடு விட்டது சனி என்று நான் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன்.

"அம்மணி, இங்க வா. இன்னும் இருக்குது."

வந்து கேட்டேன். ஒன்றுமில்லை.

"கொர்ருனு இல்ல. மெல்லீசா, ங்கீனு. லெப்ட்ல. கேக்குதா?"

"இல்லீங்க."

"நல்லாக் கேளு."

"இல்லீனா இல்லீங்க. இல்லாதத எங்கிருந்து கேக்கறது?"

"உன்ற காதுக்கு மிக்ஸி சத்தந்தேன் தெரியும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் இதே கூத்துதான். சிப்பை மாற்றினார், கெப்பாசிட்டரை மாற்றினார், என் பிஸ்கட் டின்னை வெட்டிப் பெட்டிக்குள் மறைப்பு வைத்தார். ஒவ்வொன்றுக்கும் என்னைக் கூப்பிட்டு நடுவில் உட்கார வைப்பார். நான் இல்லை என்பேன். அவர் இருக்கிறது என்பார். சாப்பாடு ஆறிக் கிடக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே ஒரு யோசனை சொன்னார். பாட்டை நிறுத்திவிட்டு அவர் கண்ணை மூடி உட்காருவது, நான் ஒயர்களை இடம் மாற்றியும் மாற்றாமலும் மாட்டுவது, இரைச்சல் எந்தப் பக்கம் என்று அவர் கை காட்டுவது. மாட்டினேன். இடது பக்கம் காட்டினார். இடம் மாற்றி மாட்டினேன். இடது பக்கம். மறுபடி மாற்றினேன். அதே இடது பக்கம். ஒயரை மாற்றினால் கோளாறும் பக்கம் மாறும் என்று இவர்தானே எனக்குச் சொல்லிக் கொடுத்தார்? சத்தம் காட்டாமல் சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்கினேன்.

"இப்பங்க?" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே இடது பக்கம் காட்டினார். "இப்பத்தேன் நல்லாவே கேக்குது."

கண்ணைத் திறந்து, என் கையில் இருந்த பிளக்கைப் பார்த்தார். பிறகு இடது காதைப் பொத்தினார், எடுத்தார், மறுபடியும் பொத்தினார். "வெளிய ஆருகிட்டயும் சொல்லிப்போடாத" என்றார்.

காது டாக்டர், மோட்டார் சத்தம்தான் நரம்பைத் தின்றுவிட்டது என்றார். போனது வராது, இந்த இரைச்சலும் போகாது, இருக்கிறதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். வேலையை விட்டுவிடுங்கள் என்று அழுதேன், கத்தினேன், இரண்டு நாள் சமைக்காமல்கூடக் கிடந்தேன். அவர் கேட்கவில்லை. ஸ்குரூ டிரைவரை வலது காதுக்கு மாற்றிக்கொண்டு போய் நின்றார்.

கூட வேலை செய்கிறவர்களுக்குக் கண் இல்லையா? அத்தனை வருசமாக ஒரு பக்கம் சாய்ந்த தலை இப்போது மறுபக்கம் சாய்ந்தால் தெரியாதா? உடுமலைப்பேட்டையில் ஒரு தென்னந்தோப்புக்கு அவர் தலையாட்டி அனுப்பிய மோட்டார், பேரிங் இறுகித் திரும்பி வந்தது. திட்டினார்களா? இல்லை. திட்டியிருந்தாலாவது நான் போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். முதலாளி எழுந்து நின்று கும்பிட்டாராம். "ஏனுங்க, இத்தன வருசம் நின்னுட்டே இருந்துட்டீங்க. இனி ஆபீஸ்ல வந்து நெழல்ல உக்காருங்க." அதே சம்பளம். கண்ணாடி அறை, மேசை, பேன். எங்கள் ஊர் மரியாதை இருக்கிறதே, அது வலிக்காமலே அறுத்துவிடும்.

சத்தியமங்கலத்திலிருந்து என் அண்ணன் பழமும் பூவுமாக வந்து இறங்கினார். "மாப்பள மேனேசர் ஆயிட்டாராமா!" இவரும் சிரித்துக்கொண்டே காபி கொடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணனை பஸ் ஏற்றிவிட்டு வந்து செருப்பைக் கழற்றினவர், வாசலிலேயே நின்றார்.

"இன்னைக்கு ஒரு மோட்டார் லாரி ஏறுச்சு அம்மணி. டெஸ்டிங்ல ஓடறப்பவே ஆபீஸ் வரைக்கும் எனக்குக் கேட்டுச்சு. பேரிங் ஒரசுற சத்தம்."

"எந்திரிச்சுப் போய்ச் சொல்ல வேண்டியதுதானுங்க?"

"கிட்டக்கப் போயிட்டேன். என்ற எடத்துக்கு வந்த புதுப் பையன் உடனே வேலைய நிறுத்திட்டு, 'சொல்லுங்க அண்ணா'ன்னு நின்னான்."

"சொன்னீங்களா?"

"மோட்டார நிறுத்திட்டானல்லோ, அப்பவும் கேட்டுச்சு" என்றார். "அதுல இருந்து வந்துச்சா, என்ற காதுல இருந்து வந்துச்சான்னு தெரியாம என்னன்னு சொல்றது? ஒண்ணுமில்லீங்கன்னு சொல்லிப்போட்டு வந்து உக்காந்துட்டேன்."