கட்டில்மேல் ஆடு

திருச்சி ரயிலிலிருந்து தாம்பரத்தில் இறங்கி, பள்ளிக்கூட ஹால் ஒன்றில் நடக்கும் புகைப்படக் கண்காட்சிக்கு வந்திருக்கிறேன். போன மழையில் இரும்புலியூர் பக்கம் வெள்ளம் புகுந்த தெருக்களை ஓர் இளைஞர் கறுப்பு வெள்ளையில் எடுத்திருக்கிறார்.

ஒரு படம் என்னை நகரவிடவில்லை. வெள்ளத்தின் நடுவே ஒரு கட்டில். அதன்மேல் நனையாத ஆடு ஒன்று நம்மையே பார்க்கிறது. இடது ஓரத்தில், கட்டிலை ஒட்டி, கழுத்தளவு தண்ணீரில் ஓர் ஆள்.

பக்கத்தில் நிற்கும் அந்த இளைஞரிடம், விஷயம் தெரிந்தவன் தோரணையில் சொல்கிறேன்:

“பிரமாதம் தம்பி. அந்த ஆளை மட்டும் வெட்டிட்டா, படம் எங்கேயோ போயிடும்.”

“அவரை ஏன் சார் வெட்டணும்?” என்கிறது பின்னால் ஒரு குரல்.

நடுத்தர வயதுப் பெண் ஒருவர் நிற்கிறார்.

“எங்க வூட்டுக்காரர் சார். மழை வுட்டப்புறம் ஜுரம் வந்து பூட்டாரு. வூட்ல வேற போட்டோ இல்ல. அதான் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

மன்னிப்புக் கேட்க வாய் திறக்கிறேன். அதற்குள், அவர் கணவரின் முகத்தை மட்டும் பெரிதாக்கித் தருவதாக இளைஞர் சொல்கிறார்.

“ஆட்டையும் சேர்த்தே குடு தம்பி. அதுமேல உசுரா இருந்தாரு,” என்கிறார் அந்த அம்மா. பிறகு என்னிடம், “கொஞ்சம் தள்ளிக்கோங்க சார், மறைக்குது.”

தள்ளி நிற்கிறேன். அங்கிருந்து பார்க்கும்போதுதான் தெரிகிறது, கட்டில் மிதக்கவில்லை. அந்த மனிதர் அதைத் தோளில் தாங்கியிருக்கிறார்.